இலையில் உட்கார்ந்தவர்

இதைப் படித்துவிட்டு நீங்கள் சிரிக்கத்தான் போகிறீர்கள். சிரியுங்கள். போன வருஷம் வரைக்கும் யாராவது இப்படி ஒரு கதையை என்னிடம் கொண்டுவந்திருந்தால் நான் உங்களைவிடச் சத்தமாகச் சிரித்திருப்பேன், சிரித்ததோடு விடாமல் குறுக்குக் கேள்வி கேட்டு அந்த ஆளை அழவும் வைத்திருப்பேன். கல்பாத்தியில் தேர் ஓடுகிற தெருவில் பிறந்தவன்தான் நான். ஆனால் சாமி, பேய், ஜாதி மூன்றும் ஒரே கடையில் விற்கிற சரக்கு என்று கல்லூரி நாளிலேயே முடிவு கட்டிவிட்டேன். மனிதர்களைப் பற்றியும் ஒரு முடிவு வைத்திருந்தேன்: எந்த ஆளும் தன் வயிறு நிறைந்த பிறகுதான் நியாயம் பேசுவான். வேலை மின்சார வாரியத்தில், இன்ஜினியர். எதற்கும் ஒரு காரணம் உண்டு, அதைக் கண்டுபிடிக்காதது நம்முடைய சோம்பேறித்தனம் என்று கீழே வேலை பார்ப்பவர்களுக்கு ஓயாமல் உபதேசம் செய்கிற ஆசாமி.

இன்னொரு பெருமையும் எனக்கு இருந்தது, பின்னால் தேவைப்படும் என்பதால் இப்போதே சொல்லிவைக்கிறேன். யாராவது இரண்டு வாக்கியம் தமிழ் பேசினால் போதும், அவர் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துத் தோட்டக்காரரா, எங்கள் அக்ரஹாரத்து ஆளா, தேனியிலிருந்து மலையேறிய குடும்பமா, திருநெல்வேலியா என்று சொல்லிவிடுவேன். ஊரைக் கண்டுபிடித்த கையோடு ஜாதியையும் மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொள்வேன். ஜாதியை நம்பாதவருக்கு எதற்கு இந்த ஆராய்ச்சி என்று என் மனைவி காயத்ரி கேட்பாள். சும்மா பொழுதுபோக்கு என்பேன்.

மாற்றலாகி மலைமேல் சித்திரபுரத்துக்கு வந்தபோது எங்களுக்குப் பழைய குவார்ட்டர்ஸ் ஒன்று கிடைத்தது. பின்னால் ஒரு கொய்யா மரம், அதற்குக் கீழே சரிவு முழுக்கத் தேயிலை. சமையலறைப் பின்கதவு மழையில் ஊறி உப்பிப்போயிருந்தது. பகலில் அதற்குத் தாழ்ப்பாளே தேவையில்லை, தெரியாதவனுக்கு அது சுவர்தான். வளையத்தைப் பிடித்துக் கதவைக் கொஞ்சம் மேலே தூக்கி, அதே சமயம் கீழ்ப்பலகையில் முழங்காலால் ஓர் இடி கொடுக்க வேண்டும். அந்த வித்தை எனக்குக் கைவருவதற்குள் முழங்கால் பலமுறை வீங்கிவிட்டது.

அப்பா போன பிறகு அம்மா எங்களோடுதான் இருக்கிறாள். அப்பாவின் கடைசி நாட்கள் ஆஸ்பத்திரியில், மூக்கில் குழாயோடு. வாயால் எதுவும் கொடுக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். அம்மா அறைக் கண்ணாடிக்கு வெளியே நிற்கும்போதெல்லாம் அவர் உள்ளங்கையைக் குவித்து வாயருகே கொண்டுபோய்க் காட்டுவார். ரசம் கேட்கிறார் என்று அர்த்தம். அவருக்கு முதலில் ரசத்தை உள்ளங்கையில் ஊற்ற வேண்டும், அதைச் சத்தத்தோடு உறிஞ்சிக் குடித்துவிட்டுத்தான் சாதத்தில் கை வைப்பார். அந்தச் சத்தத்துக்காக அம்மா கல்யாணமான நாளிலிருந்து அவரைத் திட்டியிருக்கிறாள். டாக்டர்கள் செய்தது சரிதான், எனக்குப் புரிந்தது. அம்மாவுக்குப் புரியவில்லை. பசியோடு அனுப்பிவிட்டேன் என்று ஒரே பேச்சு. அதற்குப் பிறகு அவள் ரசத்தைத் தொடவே இல்லை.

ஆகவே வருஷா வருஷம் வருகிற சிராத்தம் அவளுக்குச் சடங்கு இல்லை, அவருக்குச் சோறு போடுகிற ஒரே நாள். எங்கள் வழக்கத்தில் இறந்தவர் இடத்தில் ஒரு பிராமணரை உட்காரவைத்து இலை போடுவோம், அவர் சாப்பிட்டால் போனவர் சாப்பிட்டதாகக் கணக்கு. முடிந்ததும் திருப்தியா என்று கேட்க வேண்டும். அவர் திருப்தி என்று சொன்ன பிறகுதான் வீட்டில் மற்றவர்கள் வாயில் தண்ணீர் படும். நான் பூணூலைத் தேடி எடுப்பதே அந்த ஒரு நாளில்தான், அதுவும் அம்மாவுக்காக.

போன வருஷம் நாள் பார்த்தது நான். மந்திரம் சொல்லிவைக்கிற வாத்தியாரைக் கேட்டுடு என்று அம்மா சொன்னாள். இதற்கு எதற்கு வாத்தியார், சுவரில் மலையாளக் காலண்டர் தொங்குகிறது, கர்க்கடகம் என்றால் நமக்கு ஆடி, தேய்பிறைத் திருதியை எந்தக் கட்டத்தில் போட்டிருக்கிறதோ அதுதான் நாள், எண்ணத் தெரியாதா எனக்கு என்று சொல்லி லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன். முந்தின நாளே கல்பாத்திக்குப் போய்விடுவதாகத் திட்டம். ஆனால் மழை பிடித்துக்கொண்டது. மண் சரிந்து இரண்டு பக்கமும் ரோடு அடைத்துக்கொண்டது, கரண்ட் போனது, பின்னாலேயே போன் டவரும் போனது. மின்சார வாரியத்து ஆள் வீட்டில் மெழுகுவர்த்தி. அதற்கும் சிரித்துக்கொள்ளுங்கள்.

அன்றைக்குக் காலையில் அம்மா பச்சைத் தண்ணீரில் குளித்துவிட்டு, ஈரப் புடவையோடு அடுப்படியில் நின்றாள். சர்க்கரை வியாதிக்காரி. மாத்திரை போட வேண்டும், போட்டால் சாப்பிட வேண்டும், சாப்பிட மாட்டேன் என்கிறாள்.

"அவர் சாப்பிடாம நான் எப்படிடா ராமு சாப்பிடறது? வாத்தியார் வராட்டா வேண்டாம், மந்திரம் வேண்டாம். ஒரு பிராமணனை மாத்திரம் கூட்டிண்டு வா. இலை போட்டுடலாம்."

மேல் வளைவில் இருந்த குவார்ட்டர்ஸுக்குப் போனேன். அங்கே விசு, என்னோடு வேலை பார்க்கிறவன், எங்கள் பக்கத்து ஆள்தான். காய்ச்சலில் சுருண்டு கிடந்தான். பள்ளிவாசல் என்கிற பக்கத்து ஊரில் கோயில் பூஜைக்கு வந்திருக்கிற ஒருத்தரைத் தெரியும், ஆள் விட்டு வரச் சொல்கிறேன் என்றான். அதை நம்பி வீட்டுக்கு வந்தேன்.

சமையல் ஆயிற்று. பிரண்டைத் துவையலுக்குப் பிரண்டை இல்லை, மற்றதெல்லாம் இருந்தது. இலை போட்டுவிட்டு நான் வாசலில் நின்றேன். மழை, மூடுபனி, எதிர்வீடுகூடத் தெரியவில்லை. மத்தியானம் தாண்டி வெகுநேரம் ஆகிவிட்டது. அம்மாவுக்குச் சர்க்கரை இறங்கிப் பேச்சு குழறுகிறது, காயத்ரி சர்க்கரையைக் கரைத்து வைத்துக்கொண்டு கெஞ்சுகிறாள், அம்மா உதட்டை இறுக்கி மூடிக்கொண்டிருக்கிறாள். எனக்கு வந்த கோபத்தில் அந்த இலையைச் சுருட்டி வெளியே எறிந்துவிடலாமா என்று இருந்தது. ஒரு இல்லாத மனுஷனுக்காக இருக்கிற மனுஷி விழப்போகிறாளே என்ற ஆத்திரம்.

அப்போது பின்பக்கம் அந்த இடி கேட்டது. முழங்கால் இடி. காயத்ரி கதவைத் திறக்கிறாள் என்று நினைத்தேன். உள்ளே போனால் சமையலறையைத் தாண்டிக் கூடத்தில், இலைக்கு முன்னால் ஒருவர் நிற்கிறார். அறுபதுக்கு மேல் இருக்கும். நரைத்த தாடி மூன்று நாள் வளர்ந்தது மாதிரி. பெரிய துண்டு ஒன்று வலது தோளையும் கையையும் சேர்த்து மூடியிருந்தது.

"விசு அனுப்பினாரா?" என்று கேட்டேன்.

தலையை ஆட்டினார். இந்தப் பக்கத்தில் தலையை ஆட்டினால் அது ஆமாவா இல்லையா என்று கண்டுபிடிப்பது பெரும்பாடு, அன்றைக்கு இருந்த அவசரத்தில் நான் ஆமா என்று எடுத்துக்கொண்டேன். உட்காருங்கள் என்றேன், உட்கார்ந்தார். அப்பா பெயரையும் கோத்திரத்தையும் சொல்லி, ஞாபகம் இருந்த வரைக்கும் ஏதோ முணுமுணுத்து, இலையில் எள்ளும் தண்ணீரும் விட்டேன். காயத்ரி பரிமாறினாள்.

அவர் இடது கையால் சாப்பிட்டார். நம்புங்கள், நம்பாமல் போங்கள், நான் என் கண்ணால் பார்த்தேன். வலது கை துண்டுக்குள்ளேயே இருந்தது. சிராத்த இலையில் இடது கையா என்று எனக்குத் திக்கென்றது. எனக்கு, ஜாதியும் சடங்கும் ஒரே கடைச் சரக்கு என்று சொல்கிற எனக்கு. இவர் யார், என்ன ஆள், பூணூல் இருக்கிறதா என்று என் கண் துண்டுக்குள் தேடியது. அம்மா பார்த்துவிடக் கூடாதே என்று அவளைத் திரும்பிப் பார்த்தேன். அவள் கதவோரத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள்.

ரசம் வந்தது. அவர் சாதத்தைக் காட்டவில்லை. உள்ளங்கையைக் குவித்து நீட்டினார். காயத்ரி ஊற்றினாள். அந்தச் சத்தம் வந்தது, கூடம் முழுக்கக் கேட்கிற மாதிரி நீளமாக. அம்மா அப்படியே சுவரோடு சரிந்து உட்கார்ந்தாள். மயக்கம்தான் என்று ஓடினேன். மயக்கம் இல்லை. வாயைப் புடவையால் பொத்திக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள்.

சாப்பிட்டு முடித்ததும் நான் கேட்க வேண்டிய கேள்வியை அம்மாவே கேட்டாள். திருப்தியா என்றாள். வயிறு நிறைந்தது என்றார் அவர். புது வேட்டியைக் கொடுத்தேன், வாங்கிக்கொண்டார். வந்த வழியிலேயே பின்கதவுக்குப் போனவர் நிலைப்படியில் நின்று, என்னைப் பார்த்து, நேற்றே எதிர்பார்த்தேன் என்று சொல்லிவிட்டு மழையில் இறங்கிப் போனார். விசு நேற்றே சொல்லிவைத்திருப்பான் போல என்று நினைத்துக்கொண்டேன். நான் விசுவிடம் கேட்டதே அன்று காலையில்தான் என்பது அப்போது மண்டையில் உறைக்கவில்லை.

அம்மா சாப்பிட உட்கார்ந்தாள். ரசம் கேட்டாள். இரண்டாம் முறையும் கேட்டாள்.

சாயங்காலம் விசு கம்பளியைப் போர்த்திக்கொண்டு வந்தான், மன்னிப்புக் கேட்க. பள்ளிவாசல் ஆளுக்குச் சொல்லியனுப்பவே முடியவில்லை, வழியில் மண் கிடக்கிறதாம். நான் யாரையும் அனுப்பலையே என்றான். காயத்ரியைப் பார்த்தேன், நீ எப்படி யார் எவர் என்று கேட்காமல் பின்கதவைத் திறந்தாய் என்று.

"நான் எங்கே திறந்தேன்? நீங்கதான் கூட்டிண்டு வந்தேள்னு இருந்தேன்," என்றாள் அவள்.

எனக்கு அப்போதும் பயம் வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. காரணம் கிடைத்துவிட்டது: ரோடு அடைத்ததில் மாட்டிக்கொண்ட யாரோ வழிப்போக்கன். பசி. சமையல் வாசனை பிடித்துக்கொண்டு வந்திருக்கிறான், கதவு அவன் அதிர்ஷ்டத்துக்குத் திறந்திருக்கிறது, போட்ட இலையில் உட்கார்ந்து தின்றுவிட்டு வேட்டியையும் சுருட்டிக்கொண்டு போய்விட்டான். ரசத்தை உறிஞ்சிக் குடிப்பவர்கள் நாட்டில் ஆயிரம் பேர். மனிதர்களைப் பற்றி நான் சொன்னதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா என்று விசுவிடம் பெரிதாகப் பேசிக்கொண்டிருந்தேன்.

பேசிக்கொண்டிருக்கும்போதே பின்பக்கத்தில் ஒரு பெண் குரல் கூப்பிட்டது. கீழே எஸ்டேட் தொழிலாளர் லயத்தில் இருக்கிற பேச்சியம்மா. கொழுந்து எடுக்கிறவள், வழியில் பார்த்தால் சிரிப்பாள், அவ்வளவுதான் பழக்கம். தலையில் பிளாஸ்டிக் தாள், ஒரு கையில் தூக்குச்சட்டி. இன்னொரு கையில் என் வேட்டி, மடிப்புக்கூடக் கலையவில்லை.

"சார், இந்த வேட்டிய நீங்களா வச்சீக?"

"எங்கே இருந்தது?"

"கொய்யா மரத்தடிக் கல்லு மேல. ஒங்ககிட்ட முன்னாடியே கேட்டிருக்கணும் சார். வருசா வருசம் ஆடி பூரட்டாதிக்கு அந்தக் கல்லுல எங்க வீட்டுக்காரவுகளுக்குச் சோறு வப்பேன். இந்த வீட்டுலதான் நாங்க இருந்தோம். அவுக லைன்மேனு. இதே மாதிரி மழையில லைன் அறுந்து கெடக்குன்னு கூப்பிட்டாக. தட்டுல சோறு போட்டாச்சு. வந்து திங்கேன்னு எந்திரிச்சுப் போனவுகதான். இன்னைக்கு மழையில வர முடியல, நேரமாயிருச்சேன்னு வந்தா, கல்லுல வேட்டி இருக்கு."

நான் கேட்ட கேள்வியை நினைத்தால் இப்போதும் எனக்கே கூச்சமாக இருக்கிறது. இன்ஜினியர் கேட்கிற கேள்வியா அது. "அவர் எந்தக் கையால் சாப்பிடுவார்?" என்று கேட்டேன்.

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "எடது கையாலதான் சார். சோத்தாங்கையில முன்னாடியே கரண்டு அடிச்சு வெரலு மடங்கிப்போச்சு. வெளிய தெரியாம துண்டப் போட்டு மூடிக்குவாக. ஒங்களுக்கு யாரு சொன்னா?"

விசு எழுந்து வீட்டுக்குப் போய்விட்டான். காய்ச்சல் என்றான்.

அந்த நேரத்தில் எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? பேய் என்று தோன்றவில்லை, ஐயோ பாவம் என்றும் தோன்றவில்லை. அப்பாவின் இலையில் யார் உட்கார்ந்தது என்பது அம்மாவுக்குத் தெரிந்துவிடக் கூடாது என்றுதான் தோன்றியது. தெரிந்தால் உடைந்துபோவாள் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். உண்மையில் கூசியது அவளுக்கா எனக்கா என்று இன்றைக்கு வரைக்கும் எனக்குத் தெளிவில்லை.

திரும்பினால் அம்மா பின்னாலேயே நிற்கிறாள். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். சிராத்தத்தில் மிஞ்சியதை வெளியாட்களுக்குக் கொடுக்கக் கூடாது என்று சின்ன வயதில் எனக்குச் சொல்லித்தந்தவளே அவள்தான். அவள் உள்ளே போய் எள்ளுருண்டையும் அதிரசமும் எடுத்துவந்து பேச்சியம்மா கையில் வைத்தாள்.

"உள்ள வா. மழையில நிக்காதே. நீயும் இன்னிக்கு ஒண்ணும் சாப்பிட்டிருக்க மாட்டியே?"

"சோறு வச்சிட்டுத்தான்மா சாப்பிடணும்."

"அவர் சாப்பிட்டாச்சு. வயிறு நெறஞ்சதுன்னு என் காதாலே கேட்டேனாக்கும். நீ சாப்பிடு."

பேச்சியம்மா வேட்டியை மார்போடு பிடித்துக்கொண்டு அழுத அழுகையை நான் பார்க்க முடியாமல் கூடத்துக்கு வந்துவிட்டேன். அவள் சமையலறையில் உட்கார்ந்து சாப்பிட்டாள். வேட்டியை அவளே எடுத்துக்கொண்டு போனாள்.

போன பிறகு அம்மாவிடம் கேட்டேன், அப்படியென்றால் வந்தது அப்பா இல்லை என்று ஒப்புக்கொள்கிறாயா என்று.

"யார் சொன்னா? வந்தது உங்கப்பாதான். அந்த ரசச் சத்தம் எனக்குத் தெரியாதா?"

"இடது கையால் சாப்பிட்டார் அம்மா."

"வலது கையாலதான் சாப்பிட்டார். நான் பார்த்தேனே."

"அப்போ பேச்சியம்மா புருஷன்?"

"அவரையும் கூட்டிண்டு வந்திருப்பார். தனியா உட்கார்ந்து சாப்பிடற வழக்கம் உங்கப்பாவுக்கு என்னைக்குடா இருந்தது?" என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போய்விட்டாள். காயத்ரியைக் கேட்டேன், எந்தக் கை என்று. நான் இலையைத்தான் பார்த்துண்டிருந்தேன் என்றாள். எனக்கு எங்கேயாவது முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

மறுநாள் டவர் வந்தது. முதல் வேலையாகக் கல்பாத்தியில் எங்கள் வாத்தியாரைக் கூப்பிட்டேன். நாங்கள் வரவில்லையே என்று அவரும் தேடியிருக்கிறார். நேற்று இங்கேயே ஒரு மாதிரி முடித்துவிட்டோம் என்று நாளைச் சொன்னேன். 

"அதுக்கு முந்தின நாள்தானேடா திதி. காலண்டர்ல போட்டிருக்கறது சூரியன் உதிக்கறச்சே உள்ள திதியாக்கும். சிராத்தத்துக்கு மத்தியானம் திதி இருக்கணும். அது முந்தின நாள் மத்தியானமே வந்து, நீ பண்ணின அன்னிக்குக் காலம்பறவே முடிஞ்சுடுத்து. என்னைக் கேட்டிருக்கப்படாதோ?"

போனை வைத்த பிறகுதான் நிலைப்படியில் நின்று அவர் சொன்னது ஞாபகம் வந்தது. நேற்றே எதிர்பார்த்தேன். அந்த நேரத்தில், இந்த மலையில், நான் ஒரு நாள் தவறிவிட்டேன் என்பது யாருக்கும் தெரியாது. எனக்கே தெரியாது.

இதற்குப் பிறகு நான் எவ்வளவோ யோசித்துவிட்டேன். வழிப்போக்கன் என்றால் அந்தக் கதவை எப்படித் திறந்தான், தின்ன வந்தவன் வேட்டியை ஏன் அந்தக் கல்லில் வைத்துவிட்டுப் போனான்? பேச்சியம்மாவின் புருஷன் என்றால், அவர் நாள் அன்றைக்குத்தானே, நேற்று எதற்கு எதிர்பார்க்க வேண்டும்? அப்பா என்றால் அந்தக் கை? எந்தப் பக்கம் போனாலும் ஒரு சுவரில் முட்டுகிறேன். சரி, பேச்சை வைத்துக் கண்டுபிடிப்போம், அதுதானே நம் வித்தை என்று பார்த்தால், அங்கேதான் நான் வசமாக மாட்டிக்கொள்கிறேன். அவர் என்னிடம் பேசியிருக்கிறார். நான் காது கொடுத்துக் கேட்டிருக்கிறேன். ஆனால் எந்த ஊர்த் தமிழில் பேசினார் என்று எவ்வளவு முயன்றாலும் ஞாபகம் வரவில்லை. எங்கள் கல்பாத்திப் பேச்சா, எஸ்டேட் பேச்சா, ஒன்றும் இல்லை. அர்த்தம் மட்டும் நிற்கிறது, குரல் இல்லை. இரண்டு வாக்கியத்தில் ஜாதி சொல்கிறவனுக்கு அந்த இரண்டு வாக்கியமும் வெறும் பேச்சாகவே நின்றுவிட்டது.

இந்த வருஷம் வாத்தியாரையே நாள் பார்க்கச் சொல்லி, கல்பாத்தியில் முறைப்படி சிராத்தத்தை முடித்தோம். வந்த பிராமணர்கள் திருப்தி என்று சொன்னார்கள். அம்மாவும் தலையை ஆட்டினாள், ரசத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. ஆடி பூரட்டாதிக்கு அவளே பேச்சியம்மாவைக் கூப்பிட்டனுப்பினாள், கொய்யா மரத்தடியில் இரண்டு பேருமாகச் சோறு வைத்தார்கள். அம்மாவுக்குச் சந்தேகமே கிடையாது, அவர் சாப்பிட்டுவிட்டார். பேச்சியம்மாவுக்கும் சந்தேகம் கிடையாது, அவுக சாப்பிட்டுட்டாக. இரண்டு பேருமே நிம்மதியாக இருக்கிறார்கள், முன்பைவிட நன்றாகத் தூங்குகிறார்கள்.

எனக்குத்தான் தூக்கம் வரவில்லை. இறந்தவர்களுக்குப் பசி கிடையாது என்று எனக்குத் தெரியும், இதை எத்தனையோ பேரிடம் வாதாடி ஜெயித்தவன் நான். ஆனால் அன்றைக்குப் போட்டது ஒரே ஓர் இலை, அதில் உட்கார்ந்தது ஒரே ஓர் ஆள். அப்பா சாப்பிட்டார் என்றால் அந்த லைன்மேன் தட்டில் போட்ட சோற்றை விட்டுப் போனபடியே இருக்கிறார். லைன்மேன் சாப்பிட்டார் என்றால் அப்பா கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இன்னும் கையைக் குவித்துக்கொண்டிருக்கிறார். எதையும் நம்பாத நான், இரண்டு பேரில் யாருக்கு இன்னும் பசி என்று தெரியாமல், மழை பெய்கிற மத்தியானங்களில் தட்டை முன்னால் வைத்துக்கொண்டு பின்கதவையே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.